எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு 6 நாளில் ஏறலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் ஐந்து பேர், எல்லோரும் முப்பது வயதுக்குள். பௌர்ணமிதோறும் பர்வதமலை ஏறி இறங்குகிறவர்கள், ஓட்டம், ஜிம் என்று உடம்பை நன்றாக வைத்திருப்பவர்கள். வருகிற அக்டோபரில் நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்கப் போகிறார்கள். ஏஜென்சி கொடுத்த திட்டத்தில் மேலே போய்ச் சேர 8 நாள். லீவு பற்றவில்லை. அதனால் நாம்சே பஜாரிலும் டிங்போச்சேயிலும் உள்ள ஓய்வு நாள் இரண்டையும் வெட்டிவிட்டு 6 நாளில் ஏறிவிடலாமா, டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாமா, கற்பூரமும் ஆக்சிஜன் கேனும் எடுத்துப் போனால் உதவுமா என்று கேட்கிறார். கூடவே, பிரஷரும் சுகரும் உள்ள 62 வயது அப்பாவை அடுத்த வருஷம் முக்திநாத் அழைத்துப் போகலாமா என்பதும் அவர் கேள்வி.

வெட்டாதீர்கள் தம்பி. மொத்தத் திட்டத்திலும் உயிரைக் காக்கிற நாட்கள் அந்த இரண்டும்தான். லீவு பற்றவில்லை என்றால் போகிற இடத்தை மாற்றுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். அப்பாவை அழைத்துப் போகலாம், ஆனால் இரவு எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு மற்றதைத் திட்டமிட வேண்டும்.

நான் பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் இருந்தவன், லடாக்கில் வேலை பார்த்தவன். நம் வடாற்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் விசாரித்தால், பனிமலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லேயில் போய் இறங்கினதும் முதல் வேலையாக என்ன செய்யச் சொன்னார்கள் என்று. சும்மா படுக்கச் சொன்னார்கள் என்பார்கள்.

அந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து ஏராளமான ஜவான்களை அவசர அவசரமாக உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். குண்டடி படாமலே பலர் விழுந்தார்கள். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், நினைவு தப்புதல். அப்படி 11,000 அடியிலிருந்து 18,000 அடி வரை போய் நோய்ப்பட்ட 1,925 இந்திய வீரர்களைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1969-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. உயர நோயைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்த பெரிய ஆவணங்களில் அது ஒன்று. இன்றைக்கு ராணுவத்தில் விதி இப்படி: 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை 6 நாள் உடம்பைப் பழக்க வேண்டும், 15,000 அடி வரை போக இன்னும் 4 நாள், அதற்கும் மேலே என்றால் மறுபடி 4 நாள். முதல் இரண்டு நாள் ஏறக்குறைய முழு ஓய்வு. வருஷக்கணக்கில் அங்கேயே இருந்த ஆள் ஊருக்கு லீவில் வந்துவிட்டுத் திரும்பினாலும் மறுபடி பழக வேண்டும். பொங்கலுக்கு வந்துபோகிற இடைவெளியிலேயே உடம்பு பழகினதை மறக்க ஆரம்பித்துவிடும்.

இதில் பலரும் தவறாக நினைப்பது, உடல் வலுவைப் பற்றி. பர்வதமலை ஏறுவது நல்ல பயிற்சிதான். கால் உறுதியாகும், இதயம் பழகும், கடப்பாறைப் பாதையில் பயம் விட்டுப்போகும். ஆனால் அதன் உச்சி 1,400 மீட்டர் அளவுதான். ஏலகிரியும் ஜவ்வாது மலையும் அதைவிடக் குறைவு. ஊட்டியே 2,240 மீட்டர். உயர நோய் தலைகாட்டுவது சுமார் 2,500 மீட்டருக்கு மேல். அதாவது தமிழ்நாட்டில் நாம் ஏறுகிற எந்த மலையும் இந்த விஷயத்தில் உடம்புக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்றாலும் அங்கே யாரும் இரவு தங்குவதில்லை, அரை மணி நேரம் நின்று போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறோம்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் பங்கு குறைவதில்லை, எங்கே போனாலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். வேலூர் 216 மீட்டரில் இருக்கிறது. பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். அங்கே அழுத்தம் இங்கே இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன் உள்ளே போகிறது. உடனே உடம்பு வேகமாக மூச்சு வாங்கத் தொடங்கும். அப்படி வாங்கினால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடும். ஏறினதும் மூளை, போதும் மூச்சைக் குறை என்று பிரேக் போடும். இந்த இழுபறி தூக்கத்தில் நன்றாகத் தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவர் வேகமாக மூச்சு விடுவார், சட்டென்று நின்றுபோகும், பயந்து எழுப்பப் போகும்போது மறுபடி ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு இருந்தால் அது சாதாரணம், பயப்பட வேண்டாம். இந்த இழுபறியைச் சரிசெய்வது சிறுநீரகம். கூடுதல் காரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். அதற்குப் பல நாள் ஆகும். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்கினாலும் சிறுநீரகம் அதே வேகத்தில்தான் வேலை செய்யும். அதனால்தான் நாள் கேட்கிறோம்.

இளைஞர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர்களால் வேகமாக ஏற முடியும், ஏறிவிடுவார்கள். வயதானவர் மூச்சு வாங்கி வழியில் உட்கார்ந்துவிடுவதால் தப்பித்துக்கொள்வார்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். காட்மாண்டு 1,400 மீட்டர். விமானத்தில் லுக்லாவில் இறங்கினால் 2,860. அன்று கொஞ்சம் இறங்கி ஃபாக்டிங்கில் தூக்கம், 2,610. மறுநாள் நாம்சே, 3,440. மூன்றாம் நாள் நாம்சேயிலேயே. அப்புறம் தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, அங்கே ஒரு நாள், பிறகு லோபுச்சே 4,940, கடைசியாக கோரக்ஷெப் 5,164. மருத்துவர்கள் சொல்கிற விதி: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்குகிற உயரம் ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். ஃபாக்டிங்கிலிருந்து நாம்சே ஒரே நாளில் 830 மீட்டர் ஏற்றம், இடையில் தங்க வசதியாக இடம் குறைவு. அந்தக் கடனை அடைப்பதற்குத்தான் நாம்சேயில் இரண்டாவது இரவு. தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550, அங்கிருந்து லோபுச்சே 530. இரண்டுமே அளவைத் தாண்டுகின்றன, அதனால் நடுவில் டிங்போச்சேயில் ஒரு நாள். இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? 3,440-ல் தூங்கி எழுந்து, நான்காவது இரவில் 5,164-ல் படுக்கிறீர்கள், நடுவில் மூச்சுவிட ஒரு நாள் கூட இல்லாமல்.

அந்த ஓய்வு நாளில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். நாம்சேயிலிருந்து 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை மெதுவாக நடந்து போய், டீ குடித்துவிட்டு இறங்கி நாம்சேயிலேயே தூங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே வந்து தூங்கினால் உடம்பு நன்றாகப் பழகும். டிங்போச்சேயில் தங்குகிற நாளில் மேட்டைத் தாண்டினால் பெரிச்சே. 1973-ல் தொடங்கிய ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. சீசனில் பிற்பகலில் டாக்டர்களே உட்கார்ந்து உயர நோயைப் பற்றிப் பேசுவார்கள். தவறாமல் போய்க் கேளுங்கள்.

பெரிச்சே வழியாகப் போனவர்களை வைத்து 1976-ல் ஒரு ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்கு உயர நோயின் அறிகுறி இருந்தது. லுக்லாவுக்கு விமானத்தில் வந்தவர்களிடம் அது, கீழேயிருந்து நடந்தே வந்தவர்களைவிட அதிகம். ஐந்து பேரில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலிக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். தலைவலி வருவது ஆபத்தில்லை. தலைவலியோடு மேலே ஏறுவதுதான் ஆபத்து.

முதல் கட்டம் எப்படி இருக்கும்? உயரத்துக்கு வந்து 6 முதல் 12 மணி நேரத்தில் தலை வலிக்கும். கூடவே குமட்டலோ, சோறு இறங்காமையோ, கிறுகிறுப்போ, அசதியோ. முந்தின ராத்திரி நிறையக் குடித்தவனுக்கு விடிகிற காலை மாதிரி இருக்கும். நம் ஆட்கள் இதை உடனே வேறு கணக்கில் எழுதிவிடுவார்கள். பித்தம் ஏறிவிட்டது, ரயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, வெயில், வாயு, தூக்கம் கெட்டது. இஞ்சி டீ குடிக்கட்டும், எலுமிச்சை முகர்ந்து பார்க்கட்டும், ஒரு தப்பும் இல்லை. ஆனால் 2,500 மீட்டருக்கு மேலே உடம்புக்கு என்ன வந்தாலும், வேறு காரணம் தெளிவாகத் தெரிகிற வரை அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அங்கேயே தங்குங்கள். பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ போட்டுக்கொள்ளலாம். தலைவலி முழுதும் விட்டால்தான் அடுத்த ஊர். ஒரு நாள் தங்கியும் கூடிக்கொண்டே போனால் கீழே.

இதற்கு மேல் இரண்டு வழியில் முற்றும். இரண்டும் ஆளைக் கொல்லும்.

ஒன்று மூளை வீக்கம். தலைவலி மாத்திரைக்கு அடங்காது, ஆள் குடித்தவர் போலத் தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், காலணியின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தரையில் ஒரு நேர்க்கோடு போடுங்கள், அல்லது பலகைத் தரை என்றால் ஒரு பலகையின் ஓரத்தையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து, அப்படியே அடிமேல் அடியாகப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிற ஒருவரை முதலில் நடக்க வைத்துவிட்டு இவரை நடக்க வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். கையை விரித்துத் தடுமாறினாலோ, கோட்டை விட்டு விலகிக் காலை ஊன்றினாலோ, அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. அந்த நிமிடமே இறங்க வேண்டும். இருட்டோ பனியோ பார்க்கக்கூடாது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்தால் காலையில் எழாமலே போகலாம். அவரைத் தனியாகவும் அனுப்பக்கூடாது. சாய்ந்து நடக்கிறவருக்குத் தான் சாய்கிறோம் என்பதே தெரியாது.

மற்றது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஆக்சிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்காது. சுருங்காத இடத்தில் ரத்தம் பாய்ந்து அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப் பைகளை நிரப்பும். பெரும்பாலும் புது உயரத்தின் இரண்டாவது இரவில் வரும். தலைவலியே இல்லாமலும் வரலாம், அதுதான் இதன் கொடுமை.

லடாக்கில் எங்களிடம் வந்த ஒரு பையனை இன்னும் நினைவிருக்கிறது. சமவெளியிலிருந்து புதிதாக வந்தவன், வாலிபால் ஆட்டக்காரன். படுத்திருக்க வேண்டிய நாளில் பந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். முதலில் வறட்டு இருமல், சளி என்று அவனே மாத்திரை போட்டுக்கொண்டான். மறுநாள் மற்றவர்களோடு நடக்க முடியாமல் பின்தங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு அவனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். முதுகில் ஸ்டெத் வைத்தால் வலதுபக்கம் முழுக்க நொறுநொறு என்று சத்தம். துப்பினதில் இளஞ்சிவப்பாக நுரை. ஆக்சிஜன் வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். இன்னும் சில மணி நேரம் கழித்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன் என்றான்.

ஆகவே, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேற்று நடந்த வேகத்தில் பாதி கூட இன்று முடியவில்லை என்றால், இருமல் கூடிக்கொண்டே போனால், இறங்குங்கள். இறங்கும்போதும் அவரை அதிகம் நடக்கவிடாதீர்கள், குதிரையிலோ ஆள் முதுகிலோ கொண்டுபோங்கள். உழைப்பு கூடக்கூட நீர் கசிவது கூடும். 300 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். முன்பு நன்றாக இருந்த கடைசி ஊர் எதுவோ அதுவரைக்கும், முடிந்தால் அதற்கும் கீழே.

மாத்திரைக்கு வருகிறேன். டயமாக்ஸ் என்று நாம் சொல்லும் அசிட்டசோலமைடு நல்ல மருந்து. சிறுநீரகம் சில நாள் எடுத்துச் செய்கிற வேலையை, காரத்தை வெளியே தள்ளுகிற வேலையை, அது வேகப்படுத்தும். பெரியவர்களுக்கு முன்தடுப்பு அளவு 125 மி.கி., காலையும் இரவும், ஏற ஆரம்பிப்பதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனியிலும் உதட்டிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். சல்ஃபா மருந்து கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எடுக்கக்கூடாது. அதனால் மருந்துக்கடையில் நேராகப் போய் வாங்காமல், சி.எம்.சி.யிலோ உங்கள் குடும்ப டாக்டரிடமோ காட்டி, எழுதி வாங்கி, ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒவ்வாமை வந்தால் குடியாத்தத்தில் வரட்டும், நாம்சேயில் வரவேண்டாம். ஆனால் 8 நாளை 6 ஆக்குவதற்கு இந்த மாத்திரை உரிமம் ஆகாது. அது பழகுவதற்கு உதவும், பழகுவதற்குத் தேவையான நாளை முழுதாக ஈடுகட்டாது. நுரையீரலில் நீர் கோப்பதைத் தடுக்கவும் அதை நம்ப முடியாது.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சிலர் பையில் போட்டுக்கொடுக்கிறார்கள். மூளை வீக்கம் வந்தவரை இறக்கிக்கொண்டு போகும்போது கொடுக்க வேண்டிய அவசர மருந்து அது. தலைவலியை அதைப் போட்டு மறைத்துக்கொண்டு மேலே ஏறினால், மருந்து தீரும்போது நோய் முழு பலத்தோடு வரும். எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு ஒருவராவது தெரிந்துவைத்திருங்கள்.

கற்பூரத்தைப் பற்றிக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகிறார்கள். முகர்ந்தால் மூக்கில் குளிர்ச்சி ஏறும், மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளிகூட ஏறாது. மூச்சுத்திணறுகிற ஒருவர் கற்பூரத்தை முகர்ந்து, கொஞ்சம் தேவலை என்று இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு எமன். விழுங்கினால் விஷம், குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. பூண்டு சூப் சூடாக இருக்கும், குடியுங்கள், அதற்கு மேல் அதில் மருந்து எதுவும் இல்லை. கையில் பிடிக்கிற ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களுக்கு வரும். தேவைப்படுவது மணிக்கணக்கில், அதனால் அந்தப் பணத்தை நல்ல கையுறைக்குச் செலவழியுங்கள்.

விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கியது இருக்கும், எடுத்துப்போங்கள். ஆனால் ஊர் அளவில் அதைப் பார்த்துப் பதறாதீர்கள். நாம்சேயில் 90-ஐ ஒட்டியும் கோரக்ஷெப்பில் 80-ஐ ஒட்டியும் காட்டினால் அங்கே அது வழக்கம். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும், அக்குளில் வைத்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தால் அவரைக் கவனியுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் தள்ளாடினால், எண்ணை விட்டுவிட்டு ஆளை நம்புங்கள்.

தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி, சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிற அளவு. குடம் குடமாகக் குடித்தால் நோய் வராது என்பது பொய், அளவு மீறினால் ரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவும் தலைவலி, வாந்தி என்றே காட்டும். வழியில் ரக்ஷி, சாங் என்று உள்ளூர் மது கொடுப்பார்கள், இறங்கி வந்து குடிப்பவர்கள் குடிக்கட்டும். தூக்க மாத்திரை கூடாது, அது மூச்சை இன்னும் அடக்கும்.

அப்பா விஷயம். முக்திநாத் சாளக்கிராம திவ்ய தேசம் என்பதால் சோளிங்கர் நரசிம்மரைச் சேவிக்கிற குடும்பங்களுக்கு அங்கே போய்வர வேண்டும் என்ற ஆசை வாழ்நாள் ஆசை. அதைத் தடுக்க எனக்கு மனம் வராது, தடுக்கவும் தேவையில்லை. சோளிங்கரில் ஆயிரத்து முந்நூறு படியை அவர் நின்று நின்றாவது ஏறுகிறார், நெஞ்சு வலிக்கவில்லை என்றால் அதுவே இதயத்தைப் பற்றி நல்ல சேதி. ஆனாலும் கிளம்பும் முன் ஈசிஜியும், டாக்டர் சொன்னால் டிரெட்மில்லும் பார்த்துவிடுங்கள். பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் முதல் சில நாள் அது கொஞ்சம் ஏறும்.

கோயில் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பொக்காரா 820 மீட்டர் அளவு. ஒரே மூச்சில் ஜீப்பில் ஏறி, கோயிலுக்குக் கீழே ராணிபௌவாவிலேயே இரவு தங்கினால் ஒரே நாளில் ஏறக்குறைய 2,900 மீட்டர் ஏறித் தூங்குகிறார் என்று பொருள். அதற்குப் பதிலாக ஜோம்சோமில் தங்குங்கள், அது 2,700 சொச்சம். முடிந்தால் வழியில் தாதோபானியிலோ காசாவிலோ ஒரு இரவு, ஜோம்சோமில் ஒன்று அல்லது இரண்டு இரவு. அப்புறம் காலையில் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு அன்று மாலையே ஜோம்சோமுக்கு இறங்கிவிடுங்கள். பகலில் சில மணி நேரம் மட்டும் உயரத்தில் இருந்தால் நோய் பிடிப்பது குறைவு. விமானத்தில் ஜோம்சோம் போனாலும் இதே கணக்குத்தான், அன்றே மேலே கிளம்பிவிடாதீர்கள். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கோயிலுக்குப் படி உண்டு. அவர் குதிரையில் போகட்டும், மற்றவர்கள் நடக்கட்டும்.

அங்கே 108 தாரைகளில் பனிநீர் கொட்டும். எல்லாவற்றிலும் நனைந்து, குளத்திலும் முழுகி எழுவது வழக்கம். 62 வயதில் பிரஷர் உள்ளவர் அந்தக் குளிர்நீரில் திடீரென்று முழுகினால் இதயத்துக்குப் பெரிய அதிர்ச்சி. கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளட்டும், பெருமாள் ஏற்றுக்கொள்வார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையில் நீர் போக வைக்கிற வகை இருக்கிறதா, ஆஸ்பிரின் எடுக்கிறாரா என்பதையெல்லாம் டயமாக்ஸ் எழுதும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்சுலின் என்றால் உறையாமல் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். விரத நாள் என்று வெறும் வயிற்றில் ஏற வைக்காதீர்கள்.

கடைசியாக, ஐந்து பேரும் காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டியது ஒன்று. ஒருவருக்கு முடியவில்லை என்றால் அவரோடு இறங்குகிறவர் யார்? பணமும் லீவும் போட்டு வந்துவிட்டு, நம்மால் மற்றவர்கள் பயணம் கெட வேண்டாம் என்று நினைக்கிற நல்ல பிள்ளைகள்தான் தலைவலியை மறைப்பார்கள். யாத்திரைக் கூட்டங்களில் இது இன்னும் அதிகம், சாமி பார்த்துக்கொள்வார் என்று வாய் திறக்கவே மாட்டார்கள். அதனால் பெயரையே சொல்லி ஜோடி ஜோடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஐந்தாமவருக்கு வழிகாட்டி ஜோடி. தினமும் மாலை சாப்பிட உட்காரும்போது ஒவ்வொருவரும் தன் தலை, வயிறு, இருமல், தூக்கம் நான்கையும் சொல்லியாக வேண்டும். சோறு வேண்டாம் என்கிறவரைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மலைநடை சேருமா, எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் செலவு உண்டா என்று பாலிசியை வரிவரியாகப் படியுங்கள். பல பாலிசிகளில் நடுவில் ஒரு உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

நாள் கணக்கு இதுதான்: ஏற 8, இறங்க 3, லுக்லா விமானம் மேகத்தால் நின்றுபோனால் சமாளிக்கக் கையில் 2, அதற்கு வெளியே காட்மாண்டு போய்வருகிற நாள். இவ்வளவு லீவு கிடைத்தால் பேஸ் கேம்ப் போங்கள். கிடைக்காவிட்டால் நாம்சேயில் இரண்டு இரவு தங்கி, தெங்போச்சே மடம் வரை போய் அங்கே ஒரு இரவு தூங்கிவிட்டுத் திரும்புங்கள். 3,860 மீட்டரோடு முடிந்துவிடும், ஏறவும் இறங்கவும் ஒரு வாரம் போதும். மடத்து வாசலில் நின்றால் எவரெஸ்ட்டும் லோட்சேயும் அமா தப்லமும் நேர் எதிரே தெரியும். பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி தெரியாது, முன்னால் உள்ள மலை மறைத்துவிடும். இது பலருக்கும் அங்கே போன பிறகுதான் தெரியவருகிறது.